பெயருக்குள் ஒரு வாக்கியம்: செமித்தியத் தெய்வப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் பிரித்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அன்னம்மாள், அருளப்பர், ஹன்னிபால். முதலாவது நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் பாட்டிமார் பெயர். இரண்டாவது யோவானுக்குத் தமிழ்க் கிறித்தவர்கள் வைத்த பழைய பெயர். மூன்றாவது கி.மு. 218இல் யானைப்படையோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரோமாபுரியைக் கலங்கடித்த கார்த்தேஜ் தளபதியின் பெயர். மூன்றின் பொருளும் ஒரே செமித்திய வேரிலிருந்து வந்தது.

வேர், ஹ–ன–ன. பொருள், இரங்குதல், அருள் காட்டுதல். எபிரேயத்தில் ஹன்னா என்றால் அருள். கிரேக்கம் வழியாக வரும்போது ஹகரம் உதிர்ந்து அன்னா ஆயிற்று, தமிழில் அன்னாள், அன்னம்மாள் ஆயிற்று. நம் காதில் அன்னப்பறவையும் சோறும்தான் விழுகின்றன, உள்ளே இருப்பதோ அருள். யோஹானான் என்றால் 'யாவே அருளினார்'. யாவே, எபிரேயரின் கடவுள் பெயர். அதுவே யோவான். ஹன்னிபால் என்றால் 'பால் தெய்வம் அருளினார்'. அருளப்பர் என்ற தமிழ்ப் பெயரை உருவாக்கியவர் யோவானின் பொருளைத் தெரிந்துதான் உருவாக்கியிருக்கிறார். அருள் அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோ தமிழகத்தில் அருளானந்தர் என்று அறியப்பட்டதற்கும் இதே ஹ–ன–ன வேரே பின்னணி.

பழைய செமித்தியப் பெயர் பெரும்பாலும் ஒரு முழு வாக்கியம். பிள்ளை பிறந்த நாளில் பெற்றவர் சொன்ன நன்றியோ வேண்டுதலோ அதற்குள் இருக்கும். அதைப் பிரித்துப் படிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

செமித்தியம் என்பது ஒரு மொழிக் குடும்பம். நோவாவின் மகன் சேமின் பெயரை வைத்து 1781இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்லோட்ஸர் இந்தப் பெயரைப் புழக்கத்தில் விட்டார். பாபிலோனிலும் அசீரியாவிலும் பேசிய அக்காதியம், சிரியக் கடற்கரையின் உகாரித்து, பினீசியம், எபிரேயம், அரமேயம், அரபி, எத்தியோப்பியாவின் கீயஸ், அம்ஹாரிக் எல்லாம் இதில் அடக்கம்.

இந்தக் குடும்பத்தில் சொல்லின் பொருளைச் சுமப்பவை மெய்கள், பெரும்பாலும் மூன்று. உயிர்கள் அவற்றுக்கு நடுவே புகுந்து வடிவத்தை மாற்றும். ஸ–ல–ம என்ற மூன்று மெய்களுக்கு முழுமை, நலம், அமைதி என்று பொருள். அதிலிருந்தே அரபியில் சலாம், சலீம், முஸ்லிம், இஸ்லாம். எபிரேயத்தில் ஷாலோம், ஷெலோமோ (நம் சாலொமோன், சுலைமான்). மெய், உயிர் என்ற நம் இலக்கணச் சொற்களே இதை விளக்கப் போதும். மெய் கிடக்கும், உயிர் வந்து அதை இயக்கும்.

படி 1: தமிழ் எழுத்தை நம்பி இறங்காதீர்கள், மூல எழுத்தைப் பாருங்கள்

நான் பல காலம் செய்த தவற்றைச் சொல்கிறேன். கபீர், கபிரியேல் இரண்டும் ஒரே வேர் என்று நினைத்திருந்தேன். தமிழில் எழுதிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கபீரில் இருப்பது வல்லின ககரம். வேர் க–ப–ர, பொருள் பெரியது. கபிரியேலில் இருப்பதோ குரலொலி உள்ள ககரம், 'கண்'ணில் வருவது அல்ல, 'தங்க'த்தில் வருவது. அது வேறொரு வேர், பொருள் வலிமை, வீரன். இந்த மெல்லிய ககரம் அரபியில் ஜகரமாக மாறும். அதனால் கபிரியேல் அரபியில் ஜிப்ரீல். கபிரியேலுக்கு உண்மையான உறவுக்காரர் கபீர் அல்லர், அப்துல் ஜப்பாரில் உள்ள ஜப்பார்.

இன்னொரு சிக்கல் ஐன் என்ற எழுத்து. தொண்டையை இறுக்கி எழுப்பும் மெய் அது. ஓதப் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு ஐனுக்கும் அலிஃபுக்கும் உள்ள வேறுபாடு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். தமிழில் இரண்டுக்கும் 'அ'தான். அபூபக்கரின் 'அபூ' அலிஃபில் தொடங்குகிறது, பொருள் தந்தை. அப்துல்லாவின் 'அப்து' ஐனில் தொடங்குகிறது, பொருள் அடியான். எழுத்தில் அண்ணன் தம்பி போலத் தெரிந்தாலும் உறவே இல்லை.

தமிழ் வேதாகமத்தில் பால் தெய்வத்தைப் பாகால் என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எபிரேயத்தில் அந்த இரண்டு உயிர்களுக்கும் நடுவே இருப்பது ஐன். தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் அந்த இடத்தில் ஒரு 'கா' உட்கார்ந்திருக்கிறது. ஆகாப், ஆகாஸ், யெகோவா போன்ற பெயர்களில் ககரம் ஹகர வகை ஒலிகளுக்காக நிற்கிறது. தமிழில் எழுதிய செமித்தியப் பெயர் நடுவே எதிர்பாராமல் ககரம் வந்தால், அங்கே தொண்டை ஒலி ஒன்று மறைந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

முஸ்லிம் பெயரானால் அரபி எழுத்தில் தேடுங்கள். நிக்காஹ் பதிவேட்டிலும் மீஸான் கல்லிலும் (கல்லறைக் கல்) பல ஊர்களில் அது கிடைக்கும். அரபுத்தமிழ் (அரபி எழுத்தில் எழுதிய தமிழ்) ஏடுகள் இருந்தால் இன்னும் நல்லது. கிறித்தவப் பெயரானால் எபிரேய வடிவத்தைத் தேடுங்கள்.

படி 2: பெயர் செமித்தியம்தானா என்று கேளுங்கள்

செமித்திய நூலில் இருப்பதால் மட்டும் ஒரு பெயர் செமித்தியம் ஆகிவிடாது. மோசே என்ற பெயருக்கு யாத்திராகமம் 'தண்ணீரிலிருந்து எடுத்தேன்' என்று எபிரேய விளக்கம் தருகிறது. ஆனால் பெரும்பாலான அறிஞர்கள் அதை எகிப்தியச் சொல்லாகவே பார்க்கிறார்கள். தூத்மோஸ் போன்ற அரசர் பெயர்களின் பின்பாதியில் இருக்கும் 'பிறந்தவன்' என்ற சொல்தான் அது.

மெசொப்பொத்தேமியாவில் இது இன்னும் முக்கியம். அங்கே அக்காதியத்துக்கு முன்பிருந்து சுமேரியம் வழங்கியது, அது செமித்தியம் அல்லவே அல்ல. இனன்னா சுமேரியப் பெயர், அவளுக்கு இணையான இஷ்தார் செமித்தியப் பெயர். சூரியன் சுமேரியத்தில் உது, அக்காதியத்தில் ஷமாஷ். நிலவு சுமேரியத்தில் நன்னா, அக்காதியத்தில் சின். ஒரே தெய்வத்துக்கு இரண்டு மொழிகளில் இரண்டு பெயர். மார்துக் என்ற பெயரையும் 'சூரியக் கடவுளின் இளங்கன்று' என்று பொருள்படும் சுமேரியத் தொடராகவே வழக்கமாக விளக்குகிறார்கள். அதற்குச் செமித்திய வேர் தேடிப் பயனில்லை.

கலப்புப் பெயர்களும் உண்டு. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எருசலேமை ஆண்ட சிற்றரசன் எகிப்திய மன்னனுக்கு எழுதிய களிமண் கடிதங்கள் எகிப்தின் அமர்னாவில் கிடைத்துள்ளன. அவன் பெயர் அப்தி-ஹெபா. 'அப்தி' செமித்தியம், அடியான். ஹெபா ஹுர்ரியர்களின் பெண்தெய்வம். ஹுர்ரியம் செமித்தியம் அல்ல. ஒரு பெயருக்குள் இரண்டு மொழிக் குடும்பங்கள்.

படி 3: ஒலி மாறும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மொழிக்கு மொழி ஒலி மாறும், ஆனால் ஒழுங்காக மாறும். இந்த ஐந்தாறு விதிகள் கைவசம் இருந்தால் பாதிப் பெயர்கள் திறந்துவிடும்.

எபிரேய ஷகரம் பல சொற்களில் அரபியில் ஸகரமாக வரும். ஷாலோம்–சலாம். நாவைக் குறிக்கும் லாஷோன்–லிசான். கேட்டலைக் குறிக்கும் ஷாமா–சமிஆ.

பழைய ஆகாரம் எபிரேயம், பினீசியம் போன்ற கானானிய மொழிகளில் ஓகாரமாகும். சலாம் ஷாலோம் ஆனதும் இப்படித்தான். யூப்ரடீஸ் கரையில் தகான் என்றிருந்த தெய்வம் பெலிஸ்தர் ஊரில் தாகோன் ஆனதும் இப்படித்தான்.

பழைய பகரம் அரபியில் ஃபகரமாகும். ரப்பாயேல் என்ற பெயரில் உள்ள ர–ப–அ (குணமாக்கு) என்ற வேருக்கு அரபியில் ரஃபா என்று ஒரு நிகர் உண்டு. ககரம் ஜகரமாவதை ஏற்கெனவே பார்த்தோம். சொல் முதலில் உள்ள வகரம் எபிரேயத்தில் யகரமாகும். பிள்ளை என்பதற்கு அரபியில் வலத், எபிரேயத்தில் யெலெத்.

கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. அக்காதியம் தன் தொண்டை ஒலிகளைப் பெரும்பாலும் தொலைத்துவிட்டது. தொலைக்கும்போது பக்கத்து அகரத்தை எகரமாக்கிவிட்டுப் போனது. பஅல் என்ற சொல்லில் ஐன் போனது, அகரம் நீண்டு ஏகாரமானது. விளைவு, பேல். பாபிலோனியர் மார்துக்கை 'பேல்' என்று அழைத்தார்களே, அது கானானின் பாலும் பாபிலோனின் பேலும் ஒரே சொல் என்பதற்குச் சாட்சி. மேற்கில் அஸ்தார்த், தென் அரேபியாவில் அஸ்தர் என்று ஐனில் தொடங்கும் பெயர் கிழக்கே இஷ்தார் ஆனதற்கும் இதே ஐன் இழப்புதான் காரணம். இதில் ஒரு வியப்பு, பாபிலோனில் பெண்ணாக இருக்கும் இந்தத் தெய்வம் தென் அரேபியாவில் ஆண்.

படி 4: பெயருக்குள் தெய்வத்தைத் தேடுங்கள்

ஆட்பெயரில் பெரும்பாலும் ஒரு தெய்வத்தின் பெயர் ஒளிந்திருக்கும். அந்தத் தெய்வப் பெயர்களில் பல அன்றாடச் சொற்கள்தாம். பதவிப் பெயர், இயற்கைப் பொருள், அவ்வளவுதான். முக்கியமானவற்றைப் பார்ப்போம்.

இல், ஏல்: கடவுள். அக்காதியத்தில் இலு, உகாரித்தில் இல், எபிரேயத்தில் ஏல், அரபியில் இலாஹ். அதோடு 'அல்' என்ற சுட்டு சேர்ந்து அல்-இலாஹ், அல்லாஹ் ஆயிற்று என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அரபு பேசும் கிறித்தவர்களும் கடவுளை அல்லாஹ் என்றே அழைக்கிறார்கள். பெரிய வெள்ளியன்று நம் தேவாலயங்களில் வாசிக்கும் 'ஏலி, ஏலி, லாமா சபக்தானி' என்ற கதறலில் உள்ள ஏலி, 'என் ஏல்', என் கடவுளே.

பால்: உரிமையாளர், தலைவர், கணவர். ஒரு வீட்டுக்கு, ஒரு ஊருக்குச் சொந்தக்காரர் என்ற சாதாரணச் சொல் புயல் கடவுளான ஹதாதின் பட்டமாகி, கடைசியில் அவர் பெயராகவே நிலைத்தது.

அதோன்: தலைவர், ஆண்டவர். எபிரேயத்தில் அதோனாய். பினீசியர் இதே பட்டத்தால் அழைத்த தெய்வம் கிரேக்கர் வாயில் அதோனிஸ் ஆனது. அழகுக்கு உவமையாகச் சொல்லும் அந்தப் பெயருக்குள் இருப்பது 'ஆண்டவர்' மட்டுமே.

மெல்கார்த்: மில்க் என்றால் அரசன், கார்த் என்றால் நகரம். நகரத்து அரசன். தீரு பட்டணத்தின் காவல் தெய்வம். கார்த்தேஜ் என்ற ஊர்ப் பெயரிலும் அதே கார்த் இருக்கிறது, கார்த்-ஹதஷ்த், புதிய நகரம். ம–ல–க என்ற அந்த வேர்தான் மாலிக்கில் இருக்கிறது, அபிமெலேக்கிலும் (என் தந்தை அரசர்) இருக்கிறது.

ஷமாஷ்: சூரியன். எபிரேயத்தில் ஷெமெஷ், அரபியில் ஷம்ஸ். தூண்களைச் சாய்த்த சிம்சோன் சூரியனின் பெயரைத் தாங்கியவர், நம் ஊர்ச் சம்சுதீன் 'மார்க்கத்தின் சூரியன்'. பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டங்கள் வெட்டிய கருங்கல்லின் உச்சியில் அரசனுக்கு முன் அமர்ந்திருப்பவர் ஷமாஷ். பாபிலோனில் சூரியன் ஆண், உகாரித்தில் ஷபஷ் என்ற பெண்தெய்வம்.

நபு: எழுத்துக்கும் அறிவுக்கும் உரிய பாபிலோனியத் தெய்வம். கூப்பிடு, பெயரிடு என்ற பொருளுள்ள வினையோடு இந்தப் பெயரை இணைக்கிறார்கள். தீர்க்கதரிசியைக் குறிக்கும் அரபியின் நபியும் எபிரேயத்தின் நாவியும் அதே குடும்பச் சொற்கள்.

உஸ்ஸா: இஸ்லாத்துக்கு முந்தைய அரபுப் பெண்தெய்வம், வல்லமை மிக்கவள். நபிகளின் தந்தையுடைய சகோதரர் அபூலஹபின் இயற்பெயர் அப்துல் உஸ்ஸா. அதே ஐன்–ஸ–ஸ வேரிலிருந்து வருவது அஸீஸ், வல்லமை மிக்கவன். அப்துல் அஸீஸ் இன்று அல்லாஹ்வின் அடியானைக் குறிக்கும் பெயர். வேர் ஒன்று, வணங்கப்படுபவர் வேறு.

மோத்: இவரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். 1928இல் சிரியக் கடற்கரையில் ஒரு விவசாயி நிலத்தை உழும்போது பழைய கல்லறை ஒன்று தட்டுப்பட்டது. 1929இல் பிரெஞ்சுக்காரர் க்ளோட் ஷேஃபர் அகழ்ந்தார். உகாரித் வெளிவந்தது. முப்பது எழுத்துகள் கொண்ட ஆப்பெழுத்தில் (ஈரக் களிமண்ணில் ஆப்பு வடிவில் அழுத்திய எழுத்து) களிமண் ஏடுகள் கிடைத்தன, அடுத்த ஆண்டே அதன் பெரும்பகுதியைப் படித்துவிட்டார்கள். அந்த ஏடுகளில் பால் தெய்வத்தை விழுங்கும் ஒருவர் வருகிறார். பெயர் மோத். பாலின் சகோதரி அனத் அவரைப் பிடித்து, வாளால் பிளந்து, சல்லடையில் சலித்து, நெருப்பில் சுட்டு, திரிகையில் அரைத்து, வயலில் விதைக்கிறாள். அறுவடையின் வேலைகள் அத்தனையும் மரணத்தின்மேல் நடக்கின்றன.

மோத் என்றால் மரணம். வேர் ம–வ–த. இந்த வேரைத் தேட அகராதிக்குப் போக வேண்டியதில்லை. தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஒருவர் இறந்தால் 'மௌத்தாகிவிட்டார்' என்பார்கள். உடலை 'மையத்து' என்பார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஏட்டில் தெய்வமாக நிற்கும் சொல், நம் தெருவில் துக்கச் செய்தியாக இன்றும் வாயில் வருகிறது. இதை முதலில் உணர்ந்த நாளில் எனக்கு வெகுநேரம் வேறெதுவும் படிக்கத் தோன்றவில்லை.

யாவே: எபிரேயரின் கடவுள் பெயர். 'இரு' என்ற வினையோடு இதை யாத்திராகமம் 3ஆம் அதிகாரம் இணைக்கிறது. பெயர் முன்னால் வந்தால் யோ-, யெகோ- என்றும், பின்னால் வந்தால் -யா, -யாகு என்றும் சுருங்கும். யோனத்தானில் முன்னால், ஒபதியாவில் பின்னால்.

படி 5: மிச்சத்தைப் படியுங்கள்

தெய்வத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது பெயர்ச்சொல்லா, வினையா, கேள்வியா, கட்டளையா என்று பாருங்கள்.

பெயர்ச்சொல்லானால் எளிது. ஒபதியா, 'யாவேயின் அடியான்'. அப்துல்லா, 'அல்லாஹ்வின் அடியான்'. நம் சிவதாசன், திருவடியான் போன்ற அமைப்பு. அப்துல் என்று நிறுத்தினால் 'உடைய அடியான்' என்று பாதியில் நிற்கும், யாருடைய என்ற பகுதி அடுத்து வந்தாக வேண்டும். மத்தேயு, 'யாவேயின் கொடை'.

கேள்வியானால் இன்னும் அழகு. மி-கா-ஏல், 'ஏலுக்கு நிகர் யார்?' மிக்கேல்.

வினையானால் தெய்வம் எழுவாய். யோனத்தான், 'யாவே கொடுத்தார்'. இஸ்மவேல், இஸ்மாயில், 'ஏல் கேட்கிறார்'. எசேக்கியேல், 'ஏல் வலிமை தருகிறார்'. முன்னால் நிற்கும் 'இ/யி' வினையின் முன்னொட்டு, தெய்வத்தின் பகுதி அல்ல. எழுவாயும் வினையும் இடம் மாறலாம். யோ-ஹானான் என்றாலும் ஹனன்-யா என்றாலும் பொருள் ஒன்றே. அதனால்தான் யோவானும் அனனியாவும் பொருளளவில் ஒரே பெயர்.

அசீரிய அரசர் பெயர்களைக் கேட்டால் வாயில் நுழையாதது போலிருக்கும், பிரித்தால் ஒரு குடும்பத்தின் கதை கிடைக்கும். சனகெரிப் என்பது சின்-அஹ்ஹே-எரீபா. 'சின் எனக்குச் சகோதரர்களை ஈடுசெய்தார்.' அதாவது, இவனுக்கு முன் பிறந்த ஆண்பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அவன் மகன் எசரத்தோன், அஷூர்-அஹ-இத்தினா, 'அஷூர் ஒரு சகோதரனைக் கொடுத்தார்'. அஷூர், அசீரியரின் தெய்வம். ஏற்கெனவே அண்ணன்மார் உள்ள வீட்டுக்கு இளையவனாக வந்தவன் என்று பெயரே சொல்கிறது. 'இத்தினா' என்ற வினை, யோனத்தானில் உள்ள 'நத்தான்' இரண்டும் கொடுத்தலைச் சொல்லும் ஒரே வினையின் கிளைகள்.

இப்போது ஒரு பெயரை முழுதாகப் பிரிப்போம். நேபுகாத்நேச்சார். அக்காதிய வடிவம் நபு-குதுர்ரி-உஸுர். நபு, தெய்வம். உஸுர், 'காப்பாற்று' என்ற ஏவல் வினை. நடுவில் குதுர்ரி. கடைசி இகரம் 'என்' என்ற பொருள் தரும். குதுர்ரு என்ற சொல்லுக்கு எல்லைக்கல் என்றும் பொருள் உண்டு, அதனால் பழைய நூல்களில் 'நபுவே, என் எல்லையைக் காப்பாற்று' என்று காண்பீர்கள். இன்று பெரும்பாலோர் ஏற்பது 'வாரிசு' என்ற பொருள். 'நபுவே, என் மூத்த வாரிசைக் காப்பாற்று.' தந்தையின் பெயரோடு வைத்துப் பார்த்தால் இது பொருந்துகிறது. அவர் நபு-அப்ல-உஸுர், 'நபுவே, மகனைக் காப்பாற்று'. பாபிலோனில் கட்டடங்களுக்கு வைத்த செங்கற்களில் இந்த அரசன் தன் பெயரை முத்திரையாகப் பதித்து, தன்னை நபு-அப்ல-உஸுரின் மூத்த மகன் என்றே சொல்லிக்கொள்கிறான். இன்று உலகின் பல அருங்காட்சியகங்களில் அந்தச் செங்கற்கள் இருக்கின்றன. எபிரேய வேதத்தில் எரேமியா, எசேக்கியேல் நூல்கள் பல இடங்களில் இந்தப் பெயரை ரகரத்தோடு நேபுகாத்ரேச்சார் என்று எழுதுகின்றன. குதுர்ரியின் ரகரத்தைக் காப்பாற்றிய வடிவம் அது. நகரம் உள்ள வடிவம் பின்னால் திரிந்தது.

எல்லாப் பெயரிலும் தெய்வம் இருக்கும் என்று பிடிவாதம் வேண்டாம். தெபோராள் தேனீ. ராகேல் பெண்ணாடு. தாமார் பேரீச்சை. யோனா புறா. சிப்போராள் சிட்டு. இவை வெறும் செல்லப் பெயர்கள், அதுவே போதும்.

படி 6: வெட்டுப்பட்ட, திரிக்கப்பட்ட பெயர்களைக் கண்டுபிடியுங்கள்

சில பெயர்களில் தெய்வம் உதிர்ந்துபோயிருக்கும். யூதா அரசன் ஆகாஸ் என்றால் 'பிடித்தார்'. யார் பிடித்தார்? வேதாகமம் சொல்லவில்லை. அசீரிய அரசன் திக்லாத்பிலேசர் கப்பம் வாங்கிய கணக்கில் அவன் பெயர் யவுஹஸி என்று முழுதாக இருக்கிறது. 'யாவே பிடித்தார்.' எதிரியின் வரவுப் பட்டியல் பெயரைக் காப்பாற்றித் தந்திருக்கிறது.

சில பெயர்களைத் தெரிந்தே மாற்றியிருப்பார்கள். சவுலின் மகன் 1 நாளாகமத்தில் எஸ்பால், 'பாலின் மனிதன்' என்று பொருள் கொள்ளலாம். 2 சாமுவேலில் அதே ஆள் இஸ்போசேத், 'வெட்கத்தின் மனிதன்'. பால் என்ற சொல்லை உச்சரிக்கவே கூசிய பின்னாளைய எழுத்தர்கள் அந்த இடத்தில் 'போசேத்' (வெட்கம்) என்று போட்டுவிட்டார்கள் என்பதே வழக்கமான விளக்கம். எஸ்பால் என்ற பெயர் அந்தக் காலத்தில் உண்மையிலேயே வழங்கியதா? 2012இல் இஸ்ரேலின் கிர்பெத் கெயாஃபாவில் உடைந்த சாடி ஒன்றின் ஓடுகள் கிடைத்தன. ஒட்டிப் பார்த்தபோது, சுடுவதற்கு முன்பே கீறிய எழுத்தில் 'எஷ்பால், பேதாவின் மகன்' என்றிருந்தது. சவுலின் மகன் அல்ல, வேறொருவர். ஆனால் கிட்டத்தட்ட அதே காலம், அதே பெயர்.

எக்ரோன் ஊரின் தெய்வம் பாகால்சேபூப், 'ஈக்களின் தலைவன்'. உகாரித்து ஏடுகளில் பாலுக்கு 'ஸெபுல்' என்ற பட்டம் உண்டு, பொருள் இளவரசர். அந்தப் பட்டத்தை ஈயாக்கி இழிவுபடுத்தியிருக்கிறார்கள் என்று பலர் கருதுகிறார்கள்.

தானியேல் நூலின் முதல் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசியுங்கள். சிறைப்பிடித்த நான்கு எபிரேய வாலிபர்களுக்குப் பாபிலோனில் புதுப் பெயர் வைக்கிறார்கள். தானியேல், 'ஏல் என் நீதிபதி'. அனனியா, 'யாவே அருளினார்'. மீஷாவேல், 'ஏலைப் போன்றவர் யார்'. அசரியா, 'யாவே உதவினார்'. நால்வர் பெயரிலும் தங்கள் கடவுள் இருக்கிறார். புதுப் பெயர்களில் அவர் இல்லை. அசரியா ஆபேத்நேகோ ஆகிறார். 'ஆபேத்' என்றால் அடியான், 'நேகோ' நபுவின் திரிபு என்பது பரவலாக ஏற்ற கருத்து. யாவே உதவியவன் நபுவின் அடியான் ஆக்கப்படுகிறான். ஒரு மனிதனின் நாட்டை எடுத்துக்கொண்டவர்கள் அவன் பெற்றோர் சொன்ன வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டார்கள். கதைக்காரர் ஓர் எழுத்தை மாற்றி நபுவை நேகோ ஆக்கியது அதற்கான எதிர்ப்பாக இருக்கலாம்.

படி 7: கதை சொல்லும் பொருளையும் இலக்கணம் சொல்லும் பொருளையும் தனித்தனியாக வையுங்கள்

பழைய நூல்கள் தாமே பெயர்களுக்கு விளக்கம் சொல்லும். அவை அழகானவை, ஆனால் பல நேரம் ஒலியொப்புமையில் நிற்பவை. அன்னாள் தன் பிள்ளைக்குச் சாமுவேல் என்று பெயரிட்டு, 'கர்த்தரிடம் கேட்டேன்' என்கிறாள். கேட்டல் என்பதற்கு அங்கே வரும் வினை ஷ–அ–ல. அது இலக்கணப்படி பொருந்துவது சவுல் என்ற பெயருக்கு. சாமுவேல், ஷெமு-ஏல், 'ஏலின் பெயர்' என்றே பெரும்பாலும் விளக்கப்படுகிறது.

தாகோன் இன்னொன்று. 'தாக்' என்றால் எபிரேயத்தில் மீன் என்பதால், பின்னாளைய உரைகாரர்கள் இடுப்புக்குக் கீழே மீனுடல் கொண்ட தெய்வமாக அவரை வரைந்துவிட்டார்கள். கடலிலிருந்து வெகு தொலைவில் யூப்ரடீஸ் கரையில் மாரி நகரத்தார் தகானை வணங்கினார்கள். 'தாகான்' என்றால் எபிரேயத்தில் தானியம். அந்தச் சொல்லிலிருந்து தெய்வமா, தெய்வத்திலிருந்து சொல்லா என்று வாதம் உண்டு. மீனுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

ஒரே ஆளின் பெயர் மொழி தாண்டும்போது வேர் தாண்டாமலும் போகலாம். யோவான் ஸ்நானகனைக் குர்ஆன் யஹ்யா என்கிறது. ஆள் ஒருவர். ஆனால் யஹ்யா என்ற வடிவம் அரபியில் 'வாழ்கிறான்' என்ற வேரோடு சேர்கிறது, ஹ–ன–ன அதில் இல்லை. அதேபோல ஹம்முராபி. 'அம்மு' என்றால் தந்தைவழி உறவினர், பெரியப்பா, சித்தப்பா. 'ராபி' குணமாக்குபவரா, பெரியவரா? ஆப்பெழுத்தில் பகரமும் அதன் மெல்லொலியும் பல இடங்களில் ஒரே குறியில் வருவதால் இரண்டு வாசிப்புக்கும் இடம் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டையும் எழுதி வையுங்கள்.

அப்புறம், நமக்கே உரிய ஒரு பொறி. செமித்திய ஏல் தமிழின் 'எல்'லிலிருந்து வந்தது என்று வாட்ஸாப்பில் அடிக்கடி வரும். தமிழில் எல் என்றால் ஒளி, பகல். 'எல்லே இலக்கம்' என்கிறது தொல்காப்பியம், இலக்கம் என்றால் இங்கே ஒளிர்தல். அருமையான சொல். ஆனால் செமித்தியச் சொல்லின் பழைய வடிவம் இல், உயிருக்கு முன்னால் ஒரு மெய்யும் உண்டு, பொருள் கடவுள், ஒளி அல்ல. ஓரெழுத்து ஈரெழுத்துச் சொற்கள் எந்த இரண்டு மொழியிலும் தற்செயலாக ஒத்துப்போகும். அப்பாவும் அரமேய அப்பாவும் அப்படித்தான், குழந்தையின் உதடு எங்கும் ஒரே உதடு. கடன் வாங்கியதாகச் சொல்ல வேண்டுமானால் பொருளும் பொருந்த வேண்டும், சொல் பயணித்த வழியும் தெரிய வேண்டும். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த 'துக்கி'களைப் பல அறிஞர்கள் நம் தோகையோடு இணைக்கிறார்களே, அங்கே மயில் இருக்கிறது, கப்பலும் இருக்கிறது. அந்த இணைப்பிலும் மறுப்பாளர்கள் உண்டு, ஆனாலும் பேசுவதற்கு ஆதாரம் இருக்கிறது. தமிழின் பெருமைக்கு எல் தன் சொந்தப் பொருளோடு நின்றாலே போதும்.

ஏழு படிகளையும் ஒரு பெயரில் போட்டுப் பார்ப்போம்

ஜைனுலாப்தீன். முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் தந்தை பெயர். இராமேசுவரத்தில் படகு வைத்திருந்தவர், பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர்.

தமிழில் பார்த்தால் 'தீன்' என்ற முடிவு கண்ணில் படும். சம்சுதீன், நிஜாமுதீன் போல மார்க்கத்தைக் குறிக்கும் தீன் என்று நினைக்கத் தோன்றும். அரபி எழுத்தைப் பாருங்கள். ஸைன் அல்-ஆபிதீன். 'தீன்' தனிச் சொல் அல்ல, 'ஆபித்' என்ற சொல்லின் கடைசித் தகரமும் 'ஈன்' என்ற பன்மை விகுதியும் சேர்ந்தது. நடுவில் உள்ள 'உல்', அப்துல்லில் உள்ள அதே சுட்டு. ஸைன் என்றால் அணி, அழகு. தமிழில் ஸகரம் ஜகரமானது நாக்குக்கு ஏற்ப வந்த மாற்றம். ஆபித் என்றால் வணங்குபவர், அதன் முதல் எழுத்து ஐன். ஐன்–ப–த.

தெய்வத்தின் பெயர் இதில் நேரடியாக இல்லை. 'வணங்குவோரின் அணிகலன்.' நபிகளின் கொள்ளுப்பேரன் அலீ இப்னு ஹுசைனுக்கு வழங்கிய சிறப்புப் பெயர் இது. ஐன்–ப–த என்ற அந்த மூன்று மெய்கள், எருசலேமை ஆண்ட அப்தி-ஹெபாவிலும், தீச்சூளையில் நின்ற ஆபேத்நேகோவிலும், ஒபதியாவிலும் இருக்கின்றன. இராமேசுவரத்து வீட்டில் தந்தையின் பெயரில் ஒருமுறை, மகனின் அப்துல்லில் மறுமுறை.